மரவேலை ஆட்களுக்கான காப்பீடு: பிரீமியத்தை எங்கே குறைக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது?

கேள்வி இதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தம்பி மரம் முறிப்பது, கொப்பு கழிப்பது என்று சிறு தொழில் நடத்துகிறார். மரம் ஏற இரண்டு பேர், தரையில் மூன்று பேர், வண்டிக்கு ஒரு டிரைவர். ஒரு கல்லூரி வளாகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுத்து வந்தால்தான் ஒர்க் ஆர்டர் தருவோம் என்கிறார்கள். ஏஜென்ட் சொன்ன பிரீமியத்தைக் கேட்டு மலைத்துப்போய், குறைக்க வழியுண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. பாளையங்கோட்டையில் பல வருஷம் பொதுக் காப்பீட்டு வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மரவேலைக்காரர்கள் பெரும்பாலும் குறைக்க வேண்டிய இடத்தில் குறைப்பதில்லை, குறைக்கக் கூடாத இடத்தில் குறைத்துவிடுகிறார்கள்.

முதலில் பிரீமியம் எப்படி வருகிறது என்று பாருங்கள். வருஷத்துக்கு ஆட்களுக்கு நீங்கள் கொடுக்கும் மொத்தக் கூலி, அதன்மேல் அந்த வேலையின் ஆபத்துக்கு ஏற்ற விகிதம். அவ்வளவுதான். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, கூலிக் கணக்கு சரியாக இருக்கிறதா, எந்த ஆள் எந்த வேலை என்பது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்ற இரண்டில்தான் பணம் இருக்கிறது. ஏஜென்டிடம் ‘கொஞ்சம் பார்த்துப் போடுங்க அண்ணாச்சி’ என்று கேட்பதில் வருவது சொற்பம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஏறுகிற ஆளுக்கு நாள் கூலி 1,200, தரையாளுக்கு 750, டிரைவருக்கு 800 என்று வைத்துக்கொள்கிறேன். ஏஜென்ட் என்ன செய்திருப்பார்? ஆறு பேருக்கும் வருஷத்தில் 300 நாள் வேலை என்று போட்டிருப்பார். கூட்டினால் மொத்தக் கூலி 16,35,000 ரூபாய். எல்லோரையும் ‘மரம் வெட்டுபவர்’ என்ற ஒரே தலைப்பில் தள்ளி, 4 சதவீதம் என்று வைத்தால் பிரீமியம் 65,400. (இந்த 4 சதவீதமும் கீழே சொல்லப்போகும் விகிதங்களும் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உண்மை விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.)

ஆனால் உங்களுக்கு 300 நாள் வேலை எங்கே இருக்கிறது? ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஈரமரத்தில் ஆள் ஏற முடியாது. கோயில் கொடை, பொங்கல், கல்யாண மாதம் என்று ஆட்கள் வராத நாட்கள் வேறு. ஆனி, ஆடிக் காற்றில் மரம் சாயும்போதும், 2023 டிசம்பரில் வந்ததைப் போன்ற பெருமழைக்குப் பிறகும் இராப்பகலாக வேலை இருக்கும். அப்புறம் பதினைந்து நாள் சும்மா கிடக்கும். மாதம் சராசரி 20 நாள் என்றால் வருஷம் 240 நாள். மொத்தக் கூலி 13,08,000 ஆகிவிடும். அதே 4 சதவீதத்தில் பிரீமியம் 52,320. ஒரு பொய்யும் சொல்லாமல் 13,080 ரூபாய் குறைந்தது.

அடுத்து வகை பிரிப்பது. ஏறுகிற இருவருக்கு மட்டும் 4 சதவீதம், தரையில் கொப்பு இழுத்து அடுக்கி லோடு ஏற்றும் மூவருக்கு 2.5, டிரைவருக்கு 1.5 என்று பிரித்துத் தர கம்பெனி ஒப்புக்கொண்டால் 23,040, 13,500, 2,880. மொத்தம் 39,420. முதலில் சொன்ன 65,400 எங்கே, இது எங்கே!

ஒரு எச்சரிக்கை. தரையாள் என்று எழுதினால் அவர் தரையாளாகவே இருக்க வேண்டும். ஏறுகிறவர் வராத அன்று ‘ஏலே, இன்னைக்கு நீ ஏறு’ என்று அவரை ஏற்றிவிட்டு, விழுந்த பிறகு பாலிசியைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கேள்வி வரும். அப்படி ஏறக்கூடியவர் ஒருவர் இருந்தால் அவரையும் ஏறுகிறவர் கணக்கில் எழுதுங்கள். மூட்டில், அதாவது மரத்தடியில், நின்று மெஷின் வாள் பிடிப்பவரும் தரையாள் அல்ல, மரம் வெட்டுபவர்தான்.

இந்தக் கணக்கெல்லாம் நிற்க ஒரு நோட்டு வேண்டும். தேதி, ஆள் பெயர், என்ன வேலை, எவ்வளவு கூலி, கையெழுத்து அல்லது ரேகை. இருபது ரூபாய் நோட்டுப் போதும். கூலியை ஜிபேயில் போட்டால் இன்னும் நல்லது, அதுவே சாட்சி. வருஷ ஆரம்பத்தில் கொடுப்பது உத்தேசக் கூலிக் கணக்குதான். வருஷம் முடிந்ததும் உண்மையில் கொடுத்த கூலியைக் காட்டினால், குறைந்திருந்தால் பிரீமியத்தில் ஒரு பகுதி திரும்ப வரும். கூடியிருந்தால் நீங்கள் மேற்கொண்டு கட்ட வேண்டும். பாலிசியிலேயே எழுதியிருக்கும் விஷயம் இது. நான் வேலை பார்த்த காலத்தில் கூடியதைக் கட்டச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. குறைந்ததைத் திருப்பிக் கேட்டு வந்த மர காண்ட்ராக்டர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நோட்டு இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

நீங்களே முதலாளி என்பதால் இந்தப் பாலிசியில் நீங்கள் வரமாட்டீர்கள், உங்கள் பெயரில் கூலி எழுதவும் வேண்டாம். எழுதியிருந்தால் அது வீண் பிரீமியம். நீங்களும் மரம் ஏறுகிறவர் என்றால் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கைவைக்கக் கூடாத இடம்.

களக்காட்டுப் பக்கம் ஒருவர். எட்டு ஆள் வைத்து வேலை செய்தார். பாலிசியில் மூன்று ஆள், வேலை ‘தோட்டப் பராமரிப்பு’. பிரீமியம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு புளியமரத்தில் கொப்பு முறிந்து ஆள் விழுந்து இறந்துபோனார். புளியங்கொம்பைப் பிடித்த மாதிரி என்று உறுதிக்குச் சொல்வார்கள்; உள்ளே செல் அரித்த கொப்புக்கு அதெல்லாம் தெரியாது. புல் வெட்டத் தந்த பாலிசிக்கு மரம் வெட்டிச் செத்தவருக்குப் பணம் இல்லை என்று கம்பெனி கைவிரித்தது. கடைசியில் இழப்பீட்டுக்கு அவருடைய ஆற்றுப்பாசன வயல் போயிற்று.

எவ்வளவு வரும் என்று தெரிந்தால் இதன் கனம் புரியும். இறப்புக்கு இழப்பீடு, மாத ஊதியத்தில் 50 சதவீதத்தை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்கி வருவது. 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவித்தபடி, இந்தக் கணக்குக்கு மாத ஊதியம் அதிகபட்சம் 15,000. நாள் கூலி 1,200 வாங்குகிறவர் இந்த வரம்பைச் சுலபமாகத் தொட்டுவிடுவார். வயது 40 என்றால் காரணி 184.17. ஆக 7,500ஐ 184.17ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். நிரந்தரமாக முழு ஊனம் என்றால் 60 சதவீதம்; அதே ஆளுக்கு 16,57,530. வயது குறையக் குறையக் காரணி கூடும். 30 வயதுக்காரருக்கு 207.98. இது போக ஆஸ்பத்திரிச் செலவு முதலாளி பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதம். அந்த அபராதத்தைக் காப்பீட்டுக் கம்பெனி தராது, உங்கள் தலையில்தான்.

இதற்கு மூலம் 1923ஆம் வருஷத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். பனை சீவுவதும் மரம் வெட்டுவதும் அதன் அட்டவணையில் பெயர் சொல்லியே இருக்கின்றன, நம்ம ஊருக்கென்றே எழுதியது மாதிரி. இப்போது இந்த விதிகள் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 7ஆம் அத்தியாயத்துக்குப் போய்விட்டன. 2025 நவம்பர் 21 முதல் அமல். கணக்கு முறை மாறவில்லை. ஆனால் ஒன்று கூடியிருக்கிறது: வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்ளப்படும். விடிகாலையில் டாட்டா ஏஸின் பின்னால், மெஷின் வாளுக்கும் பெட்ரோல் கேனுக்கும் நடுவே ஆறு பேரை உட்காரவைத்துக் கொண்டுபோகிற வழக்கத்தை இனியாவது விடுங்கள். உங்கள் பாலிசியின் வாசகம் இந்தப் புதிய விதிக்குத் தக்கபடி இருக்கிறதா என்று புதுப்பிக்கும்போது எழுத்தில் கேளுங்கள்.

ஊர்ப்பக்கம் இன்னொரு பழக்கம் உண்டு. ஆள் இறந்ததும் நான்கு பெரியவர்களை வைத்துப் பேசி, இறந்தவர் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு தொகையைக் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இறப்பு இழப்பீட்டைத் தொழிலாளர் துறையில் அதற்கென உள்ள அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் சேராது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணமாகக் கொடுத்ததைத்தான் கழித்துக்கொள்ள முடியும். பேசி முடித்துவிட்டோம் என்று இருந்தவருக்கு ஒரு வருஷம் கழித்து நோட்டீஸ் வந்ததைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்குக் கொடுப்பதைக் கொடுங்கள், மனுஷத்தன்மை அது. ஆனால் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

‘ஒரு நாள் ஆளாகத்தானே வந்தான்’ என்ற வாதமும் செல்லாது. தற்காலிக ஆளுக்குக் கிடையாது என்றிருந்த விலக்கு 2000ஆம் வருஷத் திருத்தத்தில் போய்விட்டது. ‘குடித்திருந்தான், பெல்ட் போடச் சொல்லியும் போடவில்லை’ என்பது கை கால் காயத்துக்கு எடுபடலாம். இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் எடுபடாது. அதனால் முந்தின நாள் இரவுச் சரக்கு இறங்காமல் வருகிறவரை அன்றைக்கு அரைக்கூலி கொடுத்தாவது வீட்டுக்கு அனுப்புங்கள்.

இனி, வேலை செய்கிற முறை. வருஷா வருஷம் பிரீமியத்தை இறக்கக்கூடியது இதுதான், ஆனால் உடனே பலன் தெரியாது. கம்பெனி முதலில் கேட்பது கடந்த மூன்று வருஷத்தில் எத்தனை க்ளெய்ம் என்பதை. க்ளெய்ம் இல்லாத மூன்று வருஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவனின் குரலே வேறு.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஆள் மரத்தில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. கொப்பு கழிக்கும் வேலையில் கணிசமானதைத் தரையில் நின்று நீட்டுக்கம்பு வாளால் முடிக்கலாம். பெரிய மரத்துக்கு ஒரு நாள் கிரேன் வாடகை போட்டு, அதை மதிப்பீட்டிலேயே சேர்த்துச் சொல்லுங்கள். கல்லூரி, மில் மாதிரி இடங்களில் ‘ஆளை ஏற்றாமல் செய்கிறோம்’ என்றால் கூடுதல் பணம் தருகிறார்கள். வீட்டுக்காரர்கள்தான் பேரம் பேசுவார்கள். முருங்கையில் ஆளே ஏற வேண்டாம், அது நம் பாட்டிமார்களுக்கே தெரியும். செத்துக் காய்ந்த மரம், மூட்டில் பொந்து விழுந்த மரம், கரையான் ஏறிய மரம் எதிலும் ஏறக் கூடாது. பனையானாலும் தென்னையானாலும் ஏறுமுன் கடந்தை (பெரிய குளவி) கூடு இருக்கிறதா என்று கீழிருந்து நிதானமாகப் பாருங்கள். கொட்டுப்பட்டால் கை தானாக விட்டுவிடும்.

இடுப்பில் மட்டும் கட்டுகிற பெல்ட் போதாது. ஐஎஸ் 3521 முத்திரை உள்ள முழு உடல் பெல்ட், ஐஎஸ் 2925 ஹெல்மெட், தரையில் நிற்கிற எல்லோருக்கும் ஹெல்மெட். மெஷின் வாளோடு ஏறுகிறவருக்கு இரண்டு கட்டு: வெட்டும்போது வாள் ஒரு கயிற்றை அறுத்தாலும் இன்னொன்று தாங்க வேண்டும். மூட்டில் முறிக்கும்போது விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் வாய் எடுத்து, எதிர்ப்பக்கப் பின்வெட்டை முழுக்க ஓட்டாமல், மரத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கீல் மாதிரி விட வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தைத் திருப்பாமல் சாய்க்கிறது. அனுபவக்காரர்கள் கண்ணளவில் செய்துவிடுவார்கள். புது ஆள் அதை முழுக்க அறுத்துவிட்டு மரம் எந்தப் பக்கம் போகும் என்று பார்த்துக்கொண்டு நிற்பார். மர உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் நிற்கக் கூடாது, பீடி பற்றவைக்கவும் கூடாது.

மின்கம்பிக்குப் பக்கத்து மரம் என்றால் இ.பி.யில் எழுதிக் கொடுத்து எல்.சி. (கம்பியில் மின்சாரத்தை நிறுத்தித் தரும் ‘லைன் கிளியர்’ அனுமதி) வாங்காமல் தொடாதீர்கள். ‘லைன்மேன் நம்ம ஆள், போனில் சொன்னால் நிறுத்திடுவார்’ என்பது இந்தத் தொழிலில் ஆளைக் கொல்கிற பேச்சு. பச்சைக் கொப்பு கம்பியில் பட்டாலே மின்சாரம் ஆளுக்கு இறங்கும்.

இதையெல்லாம் செய்துவிட்டு பேசாமல் இருந்தால் கம்பெனிக்கு எப்படித் தெரியும்? ஆட்கள் பெல்ட் மாட்டி நிற்கிற படம் நாலு, வாங்கிய பில், எல்.சி. கடிதத்தின் நகல், ஒரு பக்கத்தில் உங்கள் வேலை விதிகள், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்து விண்ணப்பத்தோடு கொடுங்கள். விகிதம் தீர்மானிக்கிற அதிகாரி உங்கள் மரத்தைப் பார்க்கப் போவதில்லை, ஃபைலைத்தான் பார்ப்பார். பனை வெட்டுவதானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பது 2021ஆம் வருஷ வேளாண் பட்ஜெட்டிலேயே வந்த அறிவிப்பு. அந்த அனுமதியின் நகலும் ஃபைலில் இருக்கட்டும்.

ஏறுகிற வேலையை மட்டும் வேறு ஒரு செட்டுக்குக் காண்ட்ராக்ட் விட்டால் பிரீமியம் குறையுமே என்று தோன்றும். அவர்களிடம் சொந்தப் பாலிசி இருந்து, அதன் நகல் உங்களிடம் இருந்தால் சரி. இல்லையென்றால் அவர்கள் ஆள் விழுந்தாலும் முதலில் உங்களைத்தான் பிடிப்பார்கள். கல்லூரிக்காரர்கள் உங்களிடம் பாலிசி கேட்பதும் இதே பயத்தில்தான்.

குழு விபத்துக் காப்பீடு மலிவு, அதை எடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆளுக்குக் கிடைக்கிற நன்மை. உங்கள் சட்டப் பொறுப்பை அது தீர்க்காது. வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு தருகிற பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆறு பேரையும் சேர்த்துவிடுங்கள், 120 ரூபாய் நீங்களே கட்டலாம். பனையேறிகளாக இருந்தால் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு. இவையெல்லாம் கூடுதல்தான். கொப்பு விழுந்து பக்கத்து வீட்டு ஓடு உடைந்தால் இந்தப் பாலிசி பேசாது. அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனி.

ஆட்கள் பத்துப் பேர் ஆனால் கதை மாறும், இஎஸ்ஐ என்கிற அரசுத் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிடும். முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். இஎஸ்ஐயில் இருக்கிறவருக்கு இழப்பீட்டுப் பாலிசி தேவையில்லை, இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் மாதம் 21,000க்கு மேல் வாங்குகிறவர் இஎஸ்ஐயில் வரமாட்டார். உங்கள் ஏறுகிற ஆள் 20 நாள் வேலை செய்தால் 24,000. ஆக, பத்துப் பேர் ஆன பிறகும் அந்த இருவருக்கு மட்டும் பாலிசி வேண்டியிருக்கும். பத்துக்குக் கீழே இருப்பவர்களும், ஆட்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால், தாமாகச் சேரலாம். உங்கள் தரையாட்களையும் டிரைவரையும் பொறுத்தவரை இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அவர்கள் நால்வரின் வருஷக் கூலி 7,32,000, உங்கள் பங்கு 23,790. பாலிசியில் நான் வைத்த உதாரண விகிதத்தைவிடக் கூடத்தான். ஆனால் பல்வலிக்கும் பிரசவத்துக்கும் உங்களிடம் முன்பணம் கேட்டு வருவது குறையும்.

பாலிசியோடு கூடுதலாகச் சேர்த்து வாங்கும் மருத்துவச் செலவுக் காப்பை மட்டும் பிரீமியம் குறைய வேண்டும் என்று வெட்டாதீர்கள். உயிர்ச்சேதம் எப்போதாவது, வாள் கிழித்த தொடையும் உடைந்த மணிக்கட்டும் வருஷா வருஷம். ஒரு ஆளுக்கு எவ்வளவு வரை என்ற உச்சவரம்பைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு அரசுக் கம்பெனி, இரண்டு தனியார் கம்பெனியில் விலை கேளுங்கள். நாலு இடத்திலும் ஒரே கூலிக் கணக்கு, ஒரே வகைப்பிரிவு கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். ‘மரம் வெட்டுதல், உயரத்தில் ஏறிக் கொப்பு கழித்தல்’ என்ற சொற்கள் பாலிசியில் அச்சாகி வந்திருக்கிறதா என்று வாங்கின அன்றே படியுங்கள். மூன்று மாதப் பாலிசி மலிவாகத் தெரியும், மாதக் கணக்கில் அது விலை கூடுதல். கல்லூரி வேலை ஒன்றுதான் என்றால் மட்டும் எடுங்கள். கடைசியாக ஒன்று, பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது. ஏஜென்ட் கையில் கொடுத்த பணம் அவர் சட்டைப்பையில் மூன்று நாள் இருந்தால் அந்த மூன்று நாளும் உங்கள் ஆட்கள் வெறும் மரத்தில்தான் நிற்கிறார்கள். கிளையில் நேரடியாகக் கட்டி, ரசீதில் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு, மறுநாள் கல்லூரிக்கு வண்டியை எடுங்கள்.